அந்த வேகனில் என்ன தேதி எழுதியிருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'சரக்கு ரயிலில் திடீர் தீ: பொதுமக்கள் அலறியடித்து ஓட்டம்' என்று ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு படம். அதில் லெவல் கிராசிங் கேட்டுக்கு இந்தப் பக்கம், ஹேண்டில்பாரில் மஞ்சப்பையைத் தொங்கவிட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான்தான். நான் அலறவில்லை. ஓடவும் இல்லை, முழங்கால் வலியில் ஓட முடியாது என்பது வேறு விஷயம். ரயில்வேயில் 37 வருடம் கூட்ஸ் வண்டிகளின் பிரேக் வேலை மட்டுமே பார்த்து 2021-ல் ஓய்வு பெற்றவன். அது என்ன புகை என்று என் மூக்குக்கே தெரிந்துவிட்டது.

தீ எதுவும் பிடிக்கவில்லை, ஐயா. கடைசியிலிருந்து பதினான்காவது வேகனில் பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருந்துவிட்டது. எங்கள் பேச்சில் 'பைண்டிங்'. சக்கரம் உருள உருள, பிரேக் கட்டை அதை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் கட்டையாக இருந்தால் பொறி பறக்கும். இப்போது போடுவது கலவைக் கட்டை. அது புகையும், தீய்ந்த ரப்பர் மாதிரி நாறும். அன்றைக்கு வந்தது அந்த நாற்றம்தான்.

வண்டி சிக்னலுக்காக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கேட் கீப்பர் புகையைப் பார்த்ததும் சிவப்புக் கொடியை ஆட்டினார். பின்னால் பிரேக் வேனிலிருந்த கார்டு அதைக் கவனித்து வாக்கி-டாக்கியில் டிரைவரிடம் சொன்னார். (2022-லிருந்து கார்டை 'ட்ரெயின் மேனேஜர்' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை.) அந்த வேகன் கேட்டைத் தாண்டி நாற்பது ஐம்பது அடியில் நின்றது. கார்டு இறங்கி ஜல்லியில் தடுமாறி நடந்து வந்தார். வேகனுக்கு அடியில் குனிந்து ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தார். 'புஸ்ஸ்ஸ்' என்று காற்று போனது. கட்டை சக்கரத்தை விட்டது. அப்புறம் அந்த ஒரு வேகனின் பிரேக்கை மட்டும் துண்டித்துவிட்டு, கையை சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, சிறிது நேரம் பொறுத்து வண்டியை அனுப்பினார்கள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த நாற்பது பேரில் ஒருவர்கூட அந்தக் கம்பி இழுத்ததை எடுத்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் 'தீயணைப்பு வண்டி வருவதற்குள் தீ தானாக அணைந்தது' என்று எழுதிவிட்டீர்கள். அதுகூடப் போகட்டும். கடைசி வரியில், 'ஓட்டுநரின் கவனக்குறைவு காரணமா என்ற கேள்வி எழுந்துள்ளது' என்று இருந்ததே, அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

கேட்டில் நின்றால் வேகன் எண்ணுவது என் பழக்கம். அன்றைக்கு 58. பதினான்காவது என்றால் எஞ்சினிலிருந்து நாற்பத்தைந்தாவது. முழு வண்டி 600 மீட்டருக்கு மேல் நீளம். நாற்பத்தைந்தாவது வேகனில் ஒரு கட்டை விடாமல் இருப்பது டிரைவர் முன்னால் இருக்கிற எந்த மீட்டரிலும் தெரியாது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேகனைக் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்தே கேட்டார்: "என்ன தம்பி, கூட்ஸ்ல நெருப்பாமே?"

"நெருப்பு இல்லை ஆச்சி. பிரேக் விடலை."

"பிடிக்கலைன்னா பயப்படலாம். விடலைன்னா என்ன? நிக்கத்தானே செய்யும்?"

நியாயமான கேள்வி. ஒரு வேகன் மட்டும் பிடித்திருந்தால் வண்டி நிற்காது; எஞ்சின் அதையும் இழுத்துக்கொண்டே போகும், சக்கரம் கெடும். அது ஏன் விடாமல் இருக்கிறது என்பதற்கு அவருக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கூட்ஸ் வண்டியின் அடியில் எஞ்சினிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு குழாய் ஓடுகிறது. வேகனுக்கு வேகன் ரப்பர் ஹோஸ் போட்டு இணைத்திருப்பார்கள். அதில் எஞ்சின் காற்றை ஏற்றி 5 கிலோ அழுத்தத்தில் வைத்திருக்கும். கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு என்று அர்த்தம். நாங்கள் சும்மா 'அஞ்சு கிலோ' என்போம். காற்று ஏறினால் பிரேக் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். குழாயில் 5 கிலோ நிறைந்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். டிரைவர் அதில் ஒன்றரை கிலோ குறைத்தால் முழு பிரேக். ஹோஸ் அறுந்து எல்லாக் காற்றும் போய்விட்டால் அவசர பிரேக். வண்டி இரண்டு துண்டானாலும் இரண்டு துண்டும் தானாகவே நிற்கும்.

ஆச்சி உடனே சொன்னார்: "அப்ப மனுசன் மாதிரிதான். காத்துப் போனா நின்னுரும்."

37 வருட சர்வீஸில் எனக்கு எந்த இன்ஸ்ட்ரக்டரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இந்தத் தலைகீழ் யோசனை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கருடையது. 1869-ல் அவர் முதலில் செய்த பிரேக் நேர்வழிதான்: காற்றை அனுப்பினால் பிடிக்கும். ஹோஸ் அறுந்தால் பிரேக்கும் போச்சு. அதை 1872-ல் அவரே திருப்பிப் போட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் சொந்தமாக ஒரு காற்றுத் தொட்டி, குழாயில் அழுத்தம் குறைவதைப் பார்த்து அந்தத் தொட்டியைத் திறந்துவிட ஒரு வால்வு. இன்றைக்கும் அடிப்படை அதுதான். நிலக்கரி ஏற்றுகிற நம் பாக்ஸ்என் வேகனில் அந்தத் தொட்டி 100 லிட்டர். வால்வுக்குப் பெயர் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு. பட்டறையில் 'டிவி' என்றால் அதுதான், சீரியல் பார்க்கிற டிவி இல்லை. வெளியே போய் நாங்கள் பேசினால் இதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். 'இன்னைக்கு ஒன்பது டிவி கழட்டினேன்' என்று என் கல்யாணத்துக்கு முன்னால் மாமனாரிடம் சொல்லி, அவர் என்னை ரேடியோ கடை மெக்கானிக் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தார்.

அந்த டிவியோடு ஒட்டி 6 லிட்டரில் இன்னொரு குட்டித் தொட்டி உண்டு, கண்ட்ரோல் ரிசர்வாயர். அதன் வேலை ஞாபகம் வைத்துக்கொள்வது. 'முழு அழுத்தம் இவ்வளவு' என்று ஒரு முறை நிறைந்து உட்கார்ந்துவிடும். குழாயில் இருக்கிற அழுத்தத்தை வால்வு இதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குழாய் குறைந்தால், கட்டையைச் சக்கரத்தில் அழுத்துகிற பிரேக் சிலிண்டருக்குக் காற்றை விடும். குழாய் பழையபடி ஏறினால் சிலிண்டர் காற்றை வெளியே விடும். தராசுதான். ஒரு தட்டில் ஞாபகம், மறு தட்டில் நடப்பு.

இந்த ஞாபகத்தில்தான் கோளாறு வரும். வழியில் எஞ்சின் மாறுகிறது. முந்தைய எஞ்சின் சற்று அதிகமாக ஏற்றியிருந்தால், குட்டித் தொட்டியில் அந்த அதிகம் நிற்கும். புது எஞ்சின் கொஞ்சம் குறைவாக ஏற்றினால் வால்வு 'இன்னும் நிறையவில்லை' என்று நினைத்து பிரேக்கை முழுதாக விடாது. பழைய கணக்குநோட்டை வைத்துக்கொண்டு புதுக் கணக்கப்பிள்ளையிடம் சண்டை போடுகிற மாதிரி. கார்டு இழுத்த கம்பி அந்தக் குட்டித் தொட்டியின் காற்றைத் திறந்துவிடுகிற கம்பி. பழைய கணக்கைக் கிழித்துப் போட்டார், அவ்வளவுதான்.

எஞ்சின் மாற்றம் ஒரு காரணம். கை பிரேக்கைத் தளர்த்தாமல் வண்டியைக் கிளப்பினாலும் இப்படி ஆகும். காலி வேகனுக்கும் பாரம் ஏற்றிய வேகனுக்கும் வேறு வேறு பிரேக் பலம் வேண்டும் என்பதால் பழைய பாக்ஸ்என்களில் ஒரு கைப்பிடி இருக்கும், ஆள் போய்த் திருப்ப வேண்டும். நிலக்கரியைக் கொட்டிவிட்டுக் கைப்பிடியை 'லோடு' பக்கத்திலேயே விட்டுவிட்டால், காலி வேகனின் சக்கரம் பிரேக் பிடித்ததும் உருளாமல் வழுக்கும். பிற்பாடு வந்த வேகன்களில் பாரத்தைத் தானே உணர்கிற கருவி வைத்துவிட்டார்கள், நல்ல காரியம்.

இவையெல்லாம் வெளியே தெரிகிற காரணங்கள். என் வேலை உள்ளே இருப்பது.

நான் 1984-ல் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸ். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பொன்மலைக்கு வந்த பட்டறை அது. அப்போதுதான் ஏர் பிரேக் வேகன்கள் வர ஆரம்பித்திருந்தன. எங்கள் காரைக்குடிப் பக்கம் ஓடியதெல்லாம் மீட்டர் கேஜ், வேக்குவம் பிரேக். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துப் பிடிக்கிற பிரேக். வெளிக்காற்று எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கிலோவுக்குமேல் கிடைக்காது. அதனால் சிலிண்டர் அண்டா மாதிரி இருக்கும். பழைய ஆட்களுக்கு 5 கிலோ காற்று என்றால் பயம். எனக்குப் பழசே தெரியாது என்பதால் புதுசின் மேல் பயம் இல்லை.

ஒரு டிவியைப் பிரிப்பதை அருகில் நின்று பார்த்தால் உங்களுக்குப் புரியும். மேஜைக்கு வரும்போது அது எண்ணெயும் மண்ணும் அப்பிய கட்டியாக இருக்கும். முதலில் துளைகளை எல்லாம் அடைத்துவிட்டுத்தான் வெளியே கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வெளி அழுக்கு உள்ளே போய்விடும். போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் ஒன்று விட்டு ஒன்று தளர்த்த வேண்டும், ஸ்பிரிங் எகிறும். ஸ்பிரிங்குகள் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் வால்வு பேசாமல் இருந்துவிட்டு ஓட்டத்தில் பழி வாங்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தட்டில் தனித்தனிக் குழி. டயாபிரம் என்கிற ரப்பர் தகட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்து விரலால் மடித்துப் பார்த்தால், மயிரிழை வெடிப்புகள் பல்லைக் காட்டும்.

உள்ளே 'சோக்' என்று ஊசித்துளைகள் உண்டு. காற்று எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை அந்தத் துளைகள்தான் தீர்மானிக்கின்றன. கூட்ஸ் வேகனில் பிரேக் ஏற 18 முதல் 30 விநாடி, இறங்க 45 முதல் 60 விநாடி. பயணிகள் பெட்டியில் 3 முதல் 5 விநாடியில் ஏறிவிடும். கூட்ஸுக்கு ஏன் இவ்வளவு மெதுவாக என்றால், நீளம். முன்னால் டக்கென்று பிடித்துப் பின்னால் இன்னும் பிடிக்காமல் இருந்தால், பின்னால் இருக்கிற ஆயிரக்கணக்கான டன் வந்து முன்னால் இடிக்கும். அப்ரண்டிஸாக இருந்தபோது ஒரு சோக் அடைத்திருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு குண்டூசியை எடுத்தேன். என் மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். "துளை பெருசாயிட்டா எங்கே போய் இன்னொரு துளை வாங்குவே? ஊது." காற்றடித்து ஊதித்தான் எடுக்க வேண்டும். அன்றிலிருந்து என் சட்டையில் குண்டூசி குத்தியதில்லை.

கோர்த்த பிறகு டெஸ்ட் பெஞ்ச். கடிகாரத்தை வைத்துக்கொண்டு விநாடி எண்ண வேண்டும். 6 விநாடியில் 0.6 கிலோ குறைத்தால் வால்வு விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்தில் 0.3 கிலோ என்று மெல்லக் குறைத்தால் அது அசையக் கூடாது. ஏனென்றால் நீளமான வண்டியில் அங்கங்கே கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் பிரேக் பிடித்தால் வண்டி ஊர் போய்ச் சேராது. சிலிண்டர் அழுத்தம் 3.8 கிலோவில் நிற்க வேண்டும், 0.1 முன்பின். அப்புறம் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். இத்தனை மீட்டர் இருந்தும் கடைசியில் சோப்பு நுரையைத்தான் நம்புவோம்.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறரைக் கேள்வி கேட்கச் சொல்கிறவன் இதை மறைக்கக் கூடாது. பெரிய ஓவர்ஹாலில், அதாவது முழுதாகப் பிரித்துப் பழுது பார்க்கும்போது, ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் மாற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும், நான் எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்த காலம். மாதக் கடைசி. எண்ணிக்கைக்கு இன்னும் மூன்று வால்வு வேண்டும். பிரித்த உதிரிப் பொட்டலத்தில் ஒரு ஓ-ரிங், ரப்பர் வளையம், குறைந்தது. ஸ்டோருக்குப் போய் வர அரை மணி நேரம் ஆகும். பழைய வளையம் நன்றாகத்தான் இருந்தது. துடைத்து, கிரீஸை லேசாகத் தடவிப் போட்டுவிட்டேன். பெஞ்சில் எல்லா விநாடியும் சரி. பாஸ்.

ஐந்து வாரத்தில் அந்த வேகன் திரும்பி வந்தது. ஒரு சக்கரத்தில் தட்டை. பிரேக் விடாமல் சக்கரம் தண்டவாளத்தில் இழுபட்டால் உருண்டை இடத்தில் ஒரு சப்பை விழும். கூட்ஸில் அது 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஓட விடக் கூடாது. இது தாண்டியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி லேத்தில் கடைந்தார்கள். வால்வு எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேஸ்திரி அதைத் தானே பிரித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானம் சாப்பிடப் போனபோது, என் டிபன் பாக்ஸ் மூடி மேல் அந்த வளையம் இருந்தது. ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. அன்றைக்கு மனைவி கட்டிக் கொடுத்தது கவுனி அரிசி. யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்று இல்லை, சும்மா இருந்தும் கெடும். இது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அப்பா பெரிய வீடுகளில் பூட்டுப் பழுது பார்த்தவர். படையலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில்தான் அவருக்கு வேலை அதிகம். தினம் திறக்கிற கதவுக்கு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். மாதக்கணக்கில் ஒதுக்கித் தள்ளி நிறுத்திய வேகன்களும் அப்படித்தான். ஹோஸைத் தொங்கவிட்டுப் போயிருப்பார்கள். அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். முதல் தடவை காற்று ஏற்றும்போது அந்த மண் உள்ளே போகும். குழாயில் அழுக்குப் பிடிப்பான் உண்டு. அதையும் யாராவது கழற்றிக் கொட்டினால்தானே? தொட்டியில் இறங்கி நிற்கிற தண்ணீர் இன்னொரு எதிரி. ஒரு தொட்டியின் அடியாணியைக் கழற்றினால் காப்பி நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் வரும், அதோடு துருச் செதில். துருவையும் ஆராய்கிற சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அதன் மதில் ஓரமாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் அந்தக் காப்பித் தண்ணீர்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போயிருந்தேன். பர்மாத் தேக்குத் தூணுக்கும் ஜெர்மன் எனாமல் தூக்குக்கும் நடுவில் ஒரு பித்தளை மீட்டர். 'ரயில் எஞ்சின் மீட்டர்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. எஞ்சினிலும் இருக்கும், கார்டு வண்டியிலும் இருக்கும். அது வேக்குவம் கேஜ், அங்குலக் கணக்கு. பாலிஷ் போட்டுப் போட்டு எண்களே பாதி தேய்ந்துவிட்டன. முகம் மின்னியது, முள் ஒட்டிக்கொண்டு அசையவில்லை.

"எண்ணைத் தேய்ச்சுட்டீங்களே?" என்றேன்.

"பளபளன்னு இருந்தாத்தாண்ணே போகும்" என்றார் கடைக்காரர். அவர் வியாபாரத்துக்கு அது சரி.

விலை பேசி வாங்கிவந்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே வளைந்த செம்புக் குழல், அதன் நுனியில் கடுகளவு பல்சக்கரம். பல் இடுக்கில் பச்சைக் களிம்பும் காய்ந்த எண்ணெயும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் பல்லாகத் துடைக்க இரண்டு நாள். குழலின் வாயில் உதட்டை வைத்து உறிஞ்சினேன். முள் நடுங்கிக்கொண்டே ஏழு அங்குலம் வரை போனது. என் பேத்தி 'தாத்தா பம்பு' என்று கை தட்டினாள். முகத்தை நான் தொடவே இல்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

வேகனிலும் இந்தப் பாலிஷ் விஷயம் உண்டு. பெயிண்ட் புதுசாக இருந்தால் உள்ளே ரப்பரும் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதில் எழுதியிருக்கிற தேதிதான். ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் வெள்ளை எழுத்தில், கடைசியாகப் பெரிய ஓவர்ஹால் செய்த பட்டறையின் சுருக்கப் பெயர், மாதம், வருடம், அடுத்து எப்போது பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்ற தேதி எல்லாம் இருக்கும். பாக்ஸ்என் வகை புதிதாக வந்தால் முதல் ஓவர்ஹால் 6 வருடத்தில், அதற்குப் பிறகு நாலரை வருடத்துக்கு ஒரு முறை. இடையில் 18 மாதத்துக்கு ஒரு முறை சின்ன ஓவர்ஹால், அதுவும் எழுதியிருக்கும். இது ரகசியம் ஒன்றும் இல்லை. ரோட்டில் நிற்கிறவன் படிக்கட்டும் என்று எழுதியிருக்கிற மாதிரிதான் இருக்கும்.

அதோடு ஓடுகிற வண்டிக்கு ஒரு காகிதம் உண்டு, பிரேக் பவர் சர்டிபிகேட். டிரைவரிடம் ஒன்று, கார்டிடம் ஒன்று. மொத்தம் எத்தனை சிலிண்டர், அதில் எத்தனை வேலை செய்கிறது, சதவீதம் எவ்வளவு, எங்கே யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

உங்கள் நிருபருக்கு நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இனி ஒரு கூட்ஸில் புகை வந்தால், புகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே போனில் அந்த வேகனின் எண்ணையும் தேதியையும் ஒரு படம் எடுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். கேட்டிலிருந்தே பெரிதாக்கி எடுத்தால் தெரியும். அப்புறம் ரயில்வே அதிகாரியிடம் போன் போட்டு, 'இந்த வேகன் திரும்ப வேண்டிய தேதி தாண்டியிருக்கிறதா? கடைசியாக டிவியைப் பிரித்தது எப்போது? சர்டிபிகேட் எங்கே கொடுத்தது?' என்று கேளுங்கள். தேதி சரியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். எஞ்சின் மாற்றத்தில் வந்த சின்னப் பிணக்காக இருக்கலாம். தேதி தாண்டியிருந்தால் அதுதான் உங்கள் தலைப்பு. அப்படி இரண்டு செய்தி வந்தால், மாதக் கடைசியில் எங்கோ ஒரு பட்டறையில் என்னைப் போல ஒருவன் பழைய வளையத்தைத் துடைத்துப் போடுவதற்குமுன் ஸ்டோருக்கு நடப்பான். ஸ்டோரில் வளையம் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிக் கேட்கவும் அவனுக்கு ஒரு தைரியம் வரும்.

அந்தக் கேட் கீப்பரைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். இன்னும் இருபது கிலோமீட்டர் அப்படியே ஓடியிருந்தால் சக்கரம் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்க விரும்பவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. உங்களுக்கு இடம் இருக்காது, வெட்டுவீர்கள். மாமனார் கதையை வெட்டுங்கள், வேக்குவம் கேஜை வெட்டுங்கள். தேதி பற்றி எழுதியதை மட்டும் விட்டு வையுங்கள்.

என் வீட்டிலிருந்து ரயில் பாதை கூப்பிடு தூரம். நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் ஒரு கூட்ஸ் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்து மானாமதுரைப் பக்கம் போனது. தூக்கம் வரவில்லை, எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். முப்பதைத் தாண்டிய பிறகு 'டொக்... டொக்... டொக்...' என்று ஒரே சக்கரத்தின் சத்தம் தனியாகக் கேட்டது. தட்டை. எழுந்து வாசலுக்கு வருவதற்குள் சிவப்பு வால்விளக்குதான் தெரிந்தது. அது எந்த வேகன், என்ன தேதி போட்டிருந்தது என்று இருட்டில் யார் பார்த்தது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேகன் ஃபிட்டர்,
கோட்டையூர்.

(பெயர் போட வேண்டாம். ஆச்சியிடம் பேப்பரைக் காட்டிப் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.)